பிறவிக் குணமும் லயத்து வாழ்வும்

1869-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தேறின. இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது அவற்றுள் ஒன்று. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பித் தொழிலையே சாய்த்துவிட்டது. மற்றது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ற்றன் என்பார், மேதைமை குடிவழியாக வருவது என்று வாதிக்கும் நூலொன்றை அவ்வாண்டில் வெளியிட்டார். பிறப்பு, வளர்ப்பு என்னும் இரு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தி, மனிதனை ஆக்குவது எது என்ற ஆராய்ச்சியை 1874-இல் தொடர்ந்தவரும் அவரே.

தமிழருக்கு இவ்வாராய்ச்சி முற்றிலும் புதிதன்று. வள்ளுவர் ஊழ் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆனால் நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களில் இக்கேள்வி ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. ஒருவனுக்கு எவ்வளவு கூலி கொடுப்பது, அவன் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமா, வேண்டாமா என்பனவெல்லாம் அதற்குக் கூறப்பட்ட விடையையே சார்ந்திருந்தன.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய சீமைகளிலிருந்து மக்கள் கங்காணிமாரின் பின்னே கண்டிச் சீமைக்கு வந்தனர். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை இவ்வழக்கத்தை மாற்றிற்று. தேயிலைக்குப் பருவமில்லை, ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் மலையிலேயே தங்கின. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக அமைந்த லயங்கள் எழுந்தன.

இம்மக்களைப் பற்றித் துரைமார் ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். இவர்கள் சோம்பல் மிக்கவர், சேமிக்கத் தெரியாதவர், ஆயினும் அடங்கி நடப்பவர் என்பது அம்முடிவு. இம்மூன்றும் பிறவிக் குணங்கள் எனப்பட்டன. சோம்பேறிகளைக் கொண்டு காட்டையழித்து இத்தனை தோட்டங்களை எவ்வாறு உண்டாக்க முடிந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சேமிக்கத் தெரியாமைக்கு விடை கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. ஊரில் வாங்கிய முன்பணம், வழிச்செலவு, கொடுத்த அரிசி ஆகிய யாவும் ஆளின் பெயரில் கடனாக ஏறின. அக்கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனை அடைக்க வேறொரு தோட்டம் முன்வந்தாலன்றி ஒருவன் இடம் மாற இயலாது. சொல்லாமற் போனால் சிறை. 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, கையில் காசு தங்காமல் இருப்பதற்கு ஊதாரிக் குணம் தேவைப்படவில்லை. பேரேடே போதுமாக இருந்தது.

அடங்கி நடக்கும் குணமோ இன்னும் விரைவாகப் பொய்த்தது. கோ. நடேசய்யர் 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். ஒன்பதே ஆண்டுகளில், 1940 சனவரியில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். அதே காலத்தில் தோட்டந்தோறும் சங்கங்கள் கிளைத்தன. ஒன்பது ஆண்டுகளில் ஒரு மக்கட் கூட்டத்தின் இரத்தம் மாறிவிடுவதில்லை.

பள்ளியின் கதையும் இத்தகையதே. 1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டச் சிறுவர்க்குப் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு கூடம்; சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. 1945-இல் வந்த இலவசக் கல்வியின் பயன் இவர்களை எட்டவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோரைக் குடியுரிமை இல்லாதவராக்கிற்று. பின்னர், இப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சும் எழுந்தது! 1970-களின் இறுதியிலிருந்து அரசு இப்பள்ளிகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்று அங்கே கற்பிக்கும் ஆசிரியர் பலர் லயத்திலே பிறந்தவர்கள்.

உடல் உயரத்தைப் பெற்றோரிடமிருந்து வருவதென்றே யாவரும் கருதுவர். 2016-ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய குழந்தைகள், ஐந்து வயதுக்குட்பட்டோருள், நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். குள்ளமான சாதி என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. தாயின் உணவையும் பிள்ளையின் உணவையும் விசாரிப்பது அத்துணை எளிதன்று.

அவ்வாறாயின் பிறப்புக்கு வலிமையே இல்லையா? தேயிலையே இதற்குச் சான்று கூறும். தேயிலை பிறவியில் மரம். தொடாமல் விட்டால் முப்பதடிக்கு மேலும் ஓங்கும். கவ்வாத்துக் கத்திதான் அதனை இடுப்பளவுத் தூராக்கி வைத்திருக்கிறது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஒரு தாய்த்தூரின் துண்டுகளிலிருந்தே ஆயிரமாயிரம் கன்றுகளை உண்டாக்கும் முறையைப் பரப்பியது. 'வி.பி. தேயிலை' என்று தொழிலாளர் அழைப்பது அதனையே. அக்கன்றுகள் பிறப்பால் ஒன்றே. ஆயினும் ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவில் மென்மணம் கொண்ட இளநிறச் சாயம் தரும். இரத்தினபுரித் தாழ்நிலத்தில் கடுஞ்சாயம் தரும். அதே நேரத்தில், ஒரே மண்ணில் வைத்த இரு வகைகளுள் ஒன்று வறட்சியைத் தாங்கும், மற்றது வாடும். பிறப்பு பொய்யன்று, அதன்மேல் ஏற்றப்பட்ட பழிகளே பொய்.

தேயிலைத் தூரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மனிதன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். இங்கேதான் குடியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. குளிரும் உடலலுப்பும், பொழுதுபோக்க வேறிடமின்மையும் அதனை வளர்த்தன என்பது உண்மை. ஆயினும் அதே லயத்தில், அடுத்த காம்பராவில், அதே மழையில் நனைந்து அதே சம்பளம் வாங்கிய ஒருவன் குடிக்காமல் இருந்திருக்கிறான். துரை, கங்காணி, கடன் என்று யாவற்றையும் எண்ணிப் பார்த்த பின்னரும் அவ்விருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு எஞ்சி நிற்கிறது.

பெண்களின் நிலை இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாக்கும். கொழுந்து எடுப்பவர் பெரும்பாலும் பெண்களே. பெண்ணின் வேலை இயல்பிலேயே இலேசானது என்று கூறி, 1984 வரை அவர்களுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலியே கொடுத்தனர். அவ்வாண்டு வேலைநிறுத்தத்தின் பின் கூலி சமமாயிற்று. ஆனால் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. நிர்வாகம் அதற்கு இடங்கொடுத்தது மெய்யே. எனினும் அப்பணத்தோடு சம்பள நாளன்று சாராயக்கடைப் பக்கம் திரும்புவதா, வீட்டுக்கு ஏறும் படிப்பக்கம் திரும்புவதா என்பதை எந்தத் துரையும் அவனுக்காகத் தீர்மானிக்கவில்லை.