பாமினியில் அடித்த கொழும்பு

போன வருஷம் எங்கட குழு ஒரு சின்னத் தொகுப்பு போட வெளிக்கிட்டது. கட்டுரைகளை எல்லாம் கூகுள் டொக்ஸில் ஒரே இடத்தில் போடுறது, வெள்ளவத்தையில் இருக்கிறவரும் ரொறன்ரோவுக்குப் போனவரும் அங்கேயே திருத்துறது என்று ஏற்பாடு. கொட்டாஞ்சேனையில் கனகாலம் டைப்செட்டிங் செய்த அங்கிள் ஒருவர், தன்ட தெருவைப் பற்றி எப்போதோ எழுதிவைத்த பத்துப் பக்கத்தை வேர்ட் ஃபைலாகத் தந்தார். ஏற்றித் திறந்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. 'கொழும்பு' இருக்க வேண்டிய இடத்தில் என், எஃப், எச், ஓ, கே, ஓர் அரைப்புள்ளி, ஜி.

"ஃபைல் பழுது" என்றாள் ஒருத்தி. பழுதில்லை. அது பாமினி.

இருபது வயதுக்காரருக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாமினி ஓர் எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கும். நாங்கள் திரையில் 'க' பார்க்கிறோம், கொம்பியூட்டர் உள்ளே எஃப் என்றுதான் வைத்திருக்கிறது. விசைகளின் ஒழுங்கு பெரும்பாலும் பழைய தமிழ் டைப்ரைட்டருடையது. அந்தப் பரம்பரையின் தொடக்கத்திலும் ஒரு யாழ்ப்பாணத்தார் நிற்கிறார்: 1886ல் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா. டைப்ரைட்டரில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் அடிக்க வேண்டும், 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். பாமினியும் அப்படித்தான். ஒருங்குறியிலோ க முதலில், உயிர்க்குறி பிறகு. ஒரே சொல், உள்ளே இரண்டு ஒழுங்கு.

இனி மற்றப் பக்கம். தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தில் வேலை செய்வதை டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பரிலேயே சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் காட்டிவிட்டார். அது அலுவலக மேசைக்கு வர முப்பது வருஷத்துக்கு மேல் எடுத்தது. 2001ல் மைக்ரோசொஃப்ட்டின் ஷெயார்பொயின்ட், வேர்ட் ஃபைலை ஒரு குழுத் தளத்தோடு இணைத்தது. ஆனால் ஒருவர் ஃபைலைத் திருத்த எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேணும். 2005ல் வந்த ரைட்லி, பலரை ஒரே நேரம் ஒரே பக்கத்தில் எழுதவிட்டது, வேர்ட் ஃபைலையும் உள்ளே எடுத்தது. அடுத்த வருஷம் கூகுள் அதை வாங்கியது, அதுதான் இன்றைய டொக்ஸ். 2010ல் வேர்டும் அந்த வழிக்கு வந்தது.

இந்த இணைப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எடுகோள் இருந்தது: ஃபைலில் இருப்பது எழுத்து. ஊர் விட்டு ஊர் போவது எழுத்தின் எண் மட்டுமே, எழுத்துரு அவரவர் மெஷினில் தங்கிவிடும். ஆங்கிலத்துக்கு இது பிரச்சினையே இல்லை. எங்கட ஃபைல்களில் இருந்ததோ தமிழின் படம். அதனால் பென் டிரைவில் கட்டுரையோடு ஃபொன்ட்டையும் போட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று. இணைப்பு என்று எங்களுக்குக் கிடைத்தது அதுதான்!

இதில் அச்சகக்காரரைப் பழமைவாதிகள் என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. தமிழுக்கு 1991லேயே ஒருங்குறியில் இடம் இருந்தது, விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது, 2003ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கி அதிலே ஒரு கூட்டம் சேர்ந்து எழுதவும் செய்தது. உண்மைதான். ஆனால் பக்கம் கட்டும் பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. நாளை காலை மலர் அச்சுக்குப் போக வேண்டிய ஆள் எதைத் தேர்வார்?

இடைவெளியை நிரப்பியது பெரிய கம்பனிகள் இல்லை. புலம்பெயர்ந்த சுரதா யாழ்வாணன் இலவசமாக விட்ட பொங்குதமிழ் மாற்றி மாதிரியான சின்னக் கருவிகள். ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் மறு பெட்டியில் ஒருங்குறி. அங்கிளின் பத்துப் பக்கமும் அப்படித்தான் தப்பியது. முழுசாக இல்லை. இடையில் ஆங்கிலத்தில் அடித்திருந்த யூ.என். என்ற இரண்டு எழுத்தையும் மாற்றி தமிழென்று நம்பி 'ரு' ஆக்கி, பக்கத்தில் தனி இரட்டைக் கொம்பை நட்டுவிட்டது. கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாம் அதே கதி. இரண்டு இரவு இருந்து அச்சுப் பிரதியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினோம்.

பிறகு அங்கிளுக்கு இணைப்பை அனுப்பினோம். தன் ஃபோனில் திறந்தவர், ரொறன்ரோக்காரர் திருத்திக்கொண்டிருந்த ஒரு பந்தியைப் பார்த்து, "தம்பி, அந்தக் கடை சந்தியில இல்ல, ஒழுங்கைக்குள்ள" என்று ஓரத்தில் எழுதினார். தங்லிஷில்தான்.

அவரிடம் இன்னும் ஒரு பெட்டி சீடி இருக்கிறது. கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், 31ஆம் நாள் கல்வெட்டுகள், எல்லாம் பாமினி. இதுவரை நான்கு போட்டுப் பார்த்தோம், ஒன்று வாசிக்கவில்லை. யாரிடமாவது சீடி டிரைவ் உள்ள லப்டொப் இருந்தால் சொல்லுங்கோ.