டென்னிஸ் பந்திலிருந்து தோல் பந்துக்கு: நடராஜனை முன்வைத்துத் திறன் மதிப்பீடு பற்றி

கீழ்மட்ட ஆட்டங்களில் ஒருவர் எடுத்த விக்கெட்டுகளை எண்ணிப் பார்த்து, மேல்மட்டத்தில் அவர் தேறுவாரா என்று சொல்வது நம் தேர்வாளர்களின் பழக்கம். அந்த எண்ணிக்கையில் வீரரின் திறமை பாதி என்றால், எதிராளியின் தரமும் ஆடுகளத்தின் தன்மையும் மறுபாதி. ஆடும் சூழல் மாறும்போது எந்தத் திறன் கூடவே வரும், எது உதிர்ந்துபோகும், உதிர்வதைத் திருத்த முடியுமா என்பவையே முதலில் கேட்கவேண்டிய கேள்விகள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜனின் ஆட்டவாழ்க்கை இவற்றைச் சோதித்துப் பார்க்க நல்ல சான்று.

சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் பையன்கள் முதலில் கையில் எடுப்பது டென்னிஸ் பந்து. அதன் எடை சுமார் 58 கிராம்; தோல் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்தில் தையல் இல்லை, தேய்த்து ஸ்விங் செய்ய வழியில்லை. கொஞ்சம் குட்டையாகக் குத்தினாலும் எழும்பி நின்று, அடிக்க வாகாக வந்துவிடும். சிறிய எல்லைக்கோட்டைத் தாண்டவிடாமல் தடுக்க, மட்டையாளரின் கால்விரல் பக்கம் நேராக இறக்குவதுதான் வழி. ஒரு சாண் முன்னால் விழுந்தால் ஹாஃப் வாலி, ஒரு சாண் தள்ளிப் போனால் ஃபுல் டாஸ். இரண்டுக்கும் தண்டனை சிக்ஸர். ஆகவே இப்படிக் கால்விரலடியில் இறக்கும் யார்க்கர் இந்தக் களங்களில் பிழைப்புக்கான முதல் பாடம். நீளத்தைக் கணித்து விடும் அந்தக் கைப்பழக்கம், பந்து மாறினாலும் போவதில்லை.

போகாதது அது மட்டுமல்ல. எடை குறைந்த பந்துக்கு வேகம் கூட்டக் கையை வெடுக்கென்று சுண்டும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பது என் கருத்து. வழிகாட்டி ஏ. ஜெயபிரகாஷ் சென்னைக்கு அழைத்துச் சென்றபின் டிவிஷன் லீக்குகளில் ஆடி, 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக அறிமுகமானார் நடராஜன். உடனே அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளானது. முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக்கூடாது என்பது விதி. பலருடைய கதை அங்கேயே முடிந்துவிடும். அவர் சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா ஆகியோரின் துணையோடு முறையை மாற்றிக்கொண்டு வந்தார். 2016 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) திண்டுக்கல் டிராகன்ஸுக்காக வீசிய சூப்பர் ஓவரில் ஆறு பந்துகளும் யார்க்கர். என் பார்வையில் அவரைப் பற்றிய மிகச் சிறந்த தகவல் இதுதான்: கையின் இயக்கத்தையே கலைத்து அடுக்கிய பிறகும் குறி தவறவில்லை.

ஐபிஎல் ஏலச் சந்தை இதை எப்படிப் படித்தது? 2017இல் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் கொடுத்தது 3 கோடி. அந்த ஆண்டு 6 ஆட்டங்களில் 2 விக்கெட். மறு ஆண்டே ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரு பருவங்களிலும் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு சூப்பர் ஓவரைப் பார்த்து ஏற்றியதும், ஆறு ஆட்டங்களைப் பார்த்து இறக்கியதும் ஒரே பிழையின் இரு முகங்கள். 2020இல் 16 ஆட்டங்களில் 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6 அன்று அபுதாபியில் 56 ரன்களோடு நின்ற மட்டையாளர் டி வில்லியர்ஸின் ஸ்டம்பை யார்க்கரால் பெயர்த்தார். அடுத்த பத்து வாரங்களுக்குள் ஆஸ்திரேலியாவில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்களுக்கு 3 விக்கெட்.

ஒருவரை வைத்து விதி சொல்லலாமா என்ற மறுப்பு நியாயமானது. யார்க்கர் வீசத் தெரிந்தும் சென்னைக்குக் கூட்டிச்செல்ல ஆளில்லாமல் நின்றுவிட்டவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. அதனால்தான் யார்க்கர் இருந்தால் தேறுவார் என்று நான் வாதிடவில்லை. தேர்வாளர் பார்க்கவேண்டிய இடத்தை மட்டுமே சுட்டுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே சிக்கல் உண்டு. கல்லூரி அணியில் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளை 40 கெஜ ஓட்டம் போன்ற சோதனைகளால் அளக்கிறார்கள். டெரல் டேவிஸை 1995இல் டென்வர் அணி ஆறாம் சுற்றில், 196ஆவது ஆளாகத்தான் எடுத்தது. 1998இல் அவர் 2,008 கெஜம் ஓடி லீக்கின் மதிப்புமிகு வீரரானார். மறு ஆண்டே முழங்கால் காயம். 2001க்குப் பின் அவர் ஆடவில்லை.

அந்த முழங்கால்தான் நம் மதிப்பீட்டிலும் விடுபடுவது. டென்னிஸ் பந்து ஆட்டத்தில் வீச்சாளர் சில ஓவர்களோடு முடித்துக்கொள்வார். முதல்தர ஆட்டத்தில் ஒரே நாளில் பதினைந்து, இருபது ஓவர் வீசவேண்டி வரும். நடராஜனுக்கு 2021இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிரிஸ்பேன் ஒன்றே இதுவரை அவர் ஆடிய டெஸ்ட். 2024இல் 19 ஐபிஎல் விக்கெட்டுகள் எடுத்த அவரை டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. 2025 பருவத்தில் அவர் ஆடியது 2 ஆட்டங்கள்.

சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. வாழப்பாடியில் டிஎன்பிஎல் ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. இனி இப்பகுதிப் பையன்கள் பதினான்கு, பதினைந்து வயதிலேயே தோல் பந்துக்கு வரக்கூடும். அவர்கள் வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறார்கள், முழங்கையும் முழங்காலும் எப்படித் தாங்குகின்றன என்று பயிற்றுநர் அன்றன்றைக்கே எழுதிவைத்தால், விக்கெட் எண்ணிக்கையைவிட அந்தக் குறிப்பேடு தேர்வாளருக்கு அதிகம் சொல்லும்.