இராமேசுவரமும் சேது யாத்திரையும்

இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயில் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவில் அமைந்துள்ளது. பன்னிரண்டு சோதிர்லிங்கத் தலங்களுள் தமிழ்நாட்டில் உள்ள தலம் இது ஒன்றே. தேவாரப் பாடல் பெற்ற பாண்டி நாட்டுத் தலங்கள் பதினான்கில் ஒன்றாகவும் விளங்குகிறது. இராமன் இங்கு வந்தானா என்ற கேள்விக்கு வரலாற்றால் விடை கூற இயலாது. ஆனால் அவன் வந்தான் என்ற நம்பிக்கை எவ்வளவு பழமையானது, அது இத்தீவில் எவற்றை உண்டாக்கியது என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

தல வரலாறு

இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் சிவனை வழிபட விரும்பினான். லிங்கம் கொண்டுவர அனுமனைக் கயிலைக்கு அனுப்பினான். அனுமன் வருவதற்குள் நல்ல நேரம் நெருங்கிவிடவே, சீதை கடற்கரை மணலால் லிங்கம் அமைத்தாள். அதுவே கருவறையில் உள்ள இராமலிங்கம். பின்னர் அனுமன் கொண்டுவந்தது விசுவலிங்கம். அனுமனின் மனம் வருந்தாதபடி விசுவலிங்கத்துக்கே முதல் பூசை நடக்க வேண்டும் என்று இராமன் ஆணையிட்டதாகக் கூறுவர். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இக்கதை எல்லா நூல்களிலும் ஒரே வகையாக இல்லை. துளசிதாசரின் இராமாயணத்தில், இராமன் போருக்குப் புறப்படும் முன்பே சிவலிங்கத்தை நிறுவுகிறான். தலத்தின் பெருமையை விரித்துரைக்கும் வடமொழிச் சேது மாகாத்மியம் கந்தபுராணத்தின் ஒரு பகுதி. தமிழில் நிரம்பவழகிய தேசிகர் சேதுபுராணம் பாடினார்.

இலக்கியச் சான்றுகள்

இத்தொடர்பைக் காட்டும் பழைய தமிழ்ச் சான்று அகநானூற்றின் 70ஆம் பாடலில் உள்ளது. பாண்டியருக்குரிய கோடி என்னும் கடற்கரையில், ஆலமரத்தின் அடியில் இராமன் ஆலோசனை செய்தபோது பறவைகளின் ஒலியை அடக்கிய செய்தி அதில் உவமையாக வருகிறது. அக்கோடி தனுஷ்கோடி எனக் கருதப்படுகிறது. அப்பாடலில் கோயிலோ லிங்கமோ இல்லை.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடினர். இராவணனைக் கொன்ற பழி போக இராமன் அமைத்த கோயில் என்னும் செய்தி சம்பந்தர் பாடலில் தெளிவாக உள்ளது. ஆகவே அக்காலத்திலேயே இந்நம்பிக்கை நிலைபெற்றிருந்தது.

சேதுபதிகளின் பணி

பாலம் இல்லாத காலத்தில் யாத்திரிகர்கள் காடும் மணலும் கடந்து மண்டபம் வந்து, படகேறிப் பாம்பனை அடைந்தனர். வழியில் கள்வர் பயம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக நியமித்தனர். யாத்திரிகர்களைக் காப்பது அவரது முதன்மைக் கடமைகளுள் ஒன்று. சேதுவின் காவலர் என்ற பொருளிலேயே 'சேதுபதி' என்ற பட்டம் வழங்கியது. அவர்களது நாணயங்களிலும் யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களிலும் 'சேது' என்ற சொல் பொறிக்கப்பட்டது.

புகழ்பெற்ற மூன்றாம் பிராகாரம் 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்றது. இதில் 1212 தூண்கள் உள்ளன. தூண்களுக்கு ஏற்ற கருங்கல் மணல் தீவில் கிடைக்காது. எனவே கல் முழுவதும் கடல் கடந்து கொண்டுவரப்பட்டது. நடந்து களைத்து வந்தவர்களுக்கு வெயிலிலும் மழையிலும் இப்பிராகாரமே நிழல் தந்தது.

யாத்திரிகர்களுக்காகச் சத்திரங்களும் எழுந்தன. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை அமைத்தார். இராமேசுவரம் செல்வோர் அங்கு உணவும் தங்குமிடமும் பெற்றனர்.

வழிபாட்டு முறை

யாத்திரிகர்கள் முதலில் கோயிலின் கிழக்கேயுள்ள அக்கினி தீர்த்தம் என்னும் கடலில் நீராடுவர். பின்னர் கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் வாளியால் இறைத்து ஊற்றும் நீரில் குளிப்பர். இவற்றுள் பெரும்பாலானவை கிணறுகள். அதன்பின் ஈர உடையை மாற்றிக்கொண்டு தரிசனத்துக்குச் செல்வர். காசி யாத்திரை செல்வோர் சேதுவின் மணலை எடுத்துச்சென்று கங்கையில் சேர்ப்பதும், கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வதும் மரபு. வடகோடியையும் தென்கோடியையும் ஒரே யாத்திரையில் இணைத்தது இம்மரபு.

1897 சனவரியில் இக்கோயிலில் உரையாற்றிய விவேகானந்தர், ஏழைகளிடமும் நோயாளிகளிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்று கூறினார்.

புயலும் பாலங்களும்

1914இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின் பயணம் எளிதாயிற்று. தனுஷ்கோடி வரை இரயில் சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகள் இரயில் ஒன்றும் கடலுக்கு இரையானது. அதன்பின் தனுஷ்கோடிக்கு இரயில் செல்லவில்லை. விபீடணன் அடைக்கலம் புகுந்த இடமாகக் கருதப்படும் கோதண்டராமர் கோயில் அப்புயலில் தப்பியது. 1988இல் சாலைப் பாலமும், 2025இல் புதிய இரயில் பாலமும் திறக்கப்பட்டன.

இன்று இராமேசுவரம் செல்லும் மாணவர்கள் சீதை அமைத்த மணல் லிங்கத்தின் கதையைக் கேட்பார்கள். அக்கதையை நம்பி வந்தவர்களுக்காக மனிதர்கள் கல் சுமந்து எழுப்பிய பிராகாரத்தையும், வழியில் உள்ள சத்திரங்களையும் உடன் காண வேண்டும். முன்னது நம்பிக்கை, பின்னது வரலாறு. இரண்டையும் பிரித்தறிந்து பார்த்தால் இரண்டின் பெருமையும் விளங்கும்.