கார் நொறுங்கினாலும் டிரைவர் இறங்கி நடந்து வருவது எப்படி? ரேஸ் பாதுகாப்பின் பின்னணியும், பட்டாசு ஊர்களுக்கான பாடமும்

2025 ஜனவரி 7. துபாய் ரேஸ் டிராக். 24 மணி நேர கார் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார் தடுப்பில் மோதி, பல முறை சுழன்று, நொறுங்கி நின்றது. சில நொடிகளில் அவர் காரிலிருந்து இறங்கி வந்தார். தமிழ்நாடு முழுக்க செல்போன்களில் அந்த வீடியோ ஓடியது. அடுத்த மாதமே ஸ்பெயினின் வலென்சியா டிராக்கில் அவரது கார் உருண்டு கவிழ்ந்தது. அப்போதும் காயமின்றி தப்பினார்.

"தல தப்பிச்சிட்டார், கடவுள் புண்ணியம்" என்றார்கள் ரசிகர்கள். ஆனால் அவர் தப்பியதற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. ரேஸ் காரில் இன்று இருக்கும் பாதுகாப்பு சாதனங்கள் பலவற்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் மரணம் இருக்கிறது. 'இவர் எதனால் இறந்தார்?' என்று கேட்டு, அதற்கு விடை கண்டுபிடித்து, விதியை மாற்றியதால்தான் அடுத்தவர் இறங்கி நடந்து வருகிறார்.

தீயோடும் வெடிமருந்தோடும் தினமும் வேலை பார்க்கும் சிவகாசி, விஸ்வநத்தம் பகுதி மக்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. என்ன அது? பார்க்கலாம்.

இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டின் முக்கிய ரேஸ் டிராக், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இதை உருவாக்கியது. 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்கள் நடந்தன.

2023-ல் இதே டிராக் இரண்டு உயிர்களை இழந்தது.

ஜனவரி 8 அன்று தேசிய கார் பந்தயத்தில், 59 வயதான மூத்த வீரர் கே.இ.குமாரின் கார் இன்னொரு காருடன் மோதியது. டிராக்கை விட்டு வெளியேறி, வேலியில் மோதி, கூரை தரையில் படும்படி கவிழ்ந்தது. உடனே சிவப்புக் கொடி காட்டி பந்தயம் நிறுத்தப்பட்டது. சில நிமிடங்களில் அவரை வெளியே எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

ஆகஸ்ட் 5 அன்று தேசிய பைக் பந்தயத்தில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது சிறுவன் முதல் வளைவைக் கடக்கும்போது கீழே விழுந்தான். தலையில் பலத்த காயம். அவனும் பிழைக்கவில்லை. அந்த வார இறுதியில் மீதமிருந்த பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன.

ஆக, பாதுகாப்பு ஏற்பாடு இருந்தால் உயிர் போகவே போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆபத்தைக் குறைக்கலாம். அதையும் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

மோதும்போது உடம்புக்கு என்ன ஆகிறது?

ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு சீக்கிரம் பூஜ்ஜியம் ஆகிறது என்பதுதான்.

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போகும் கார், அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால் உள்ளே இருப்பவர் உடம்பில் புவியீர்ப்பைப் போல சராசரியாக 110 மடங்குக்கு மேல் விசை விழும். இதைத்தான் '110 ஜி' என்கிறார்கள். அதே கார் 5 மீட்டர் தூரத்தில் நின்றால்? சுமார் 11 ஜி தான். தூரம் 10 மடங்கு கூடினால் அடி 10 மடங்கு குறைகிறது.

டிராக் ஓரத்தில் டயர்களை அடுக்கி வைப்பது இதற்காகத்தான். வளைவுக்கு வெளியே ஜல்லிப் பரப்பும் காலி இடமும் விடுவது இதற்காகத்தான். மோதினால் காரின் முன்பகுதி அப்பளமாக நொறுங்கும்படி வடிவமைப்பதும் இதற்குத்தான். கார் நொறுங்க நொறுங்க, டிரைவர் மீது விழும் அடி குறைகிறது.

நொறுங்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: டிரைவர் உட்கார்ந்திருக்கும் பகுதி. அதைச் சுற்றி 'ரோல் கேஜ்' எனும் இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கும். கார் உருண்டாலும் கூரை அமுங்காமல் தாங்குவது இதுதான்.

'ஹேன்ஸ்' என்றால் என்ன?

ரேஸ் டிரைவரின் உடம்பை சீட்டோடு இறுக்கிக் கட்ட ஆறு முனை பெல்ட் இருக்கிறது. ஆனால் தலையை யார் பிடிப்பது?

தலையும் ஹெல்மெட்டும் சேர்த்து சுமார் 6 கிலோ. 50 ஜி விசையில் அதுவே 300 கிலோ போல முன்னால் இழுக்கும். உடம்பு பெல்ட்டில் நிற்க, தலை மட்டும் பாய்ந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது.

1980-களிலேயே அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பார்ட், ஜிம் டவுனிங் இருவரும் இதற்குத் தீர்வு கண்டார்கள். தோளில் அமரும் ஒரு பட்டை, அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு வார்கள். அதுதான் ஹேன்ஸ். ஆனால் அசௌகரியம் என்று சொல்லி பல வீரர்கள் அதைத் தொடவில்லை.

1994 ஏப்ரல் 30 அன்று இத்தாலியின் இமோலா டிராக்கில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து இறந்தார். மறுநாள் அதே டிராக்கில் உலகப் புகழ்பெற்ற அயர்டன் சென்னா இறந்தார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அதன் பிறகுதான் அதே ஆண்டு நாஸ்கார் பந்தயங்களில் கழுத்துப் பாதுகாப்பு கட்டாயமானது. 2003-ல் ஃபார்முலா 1-ல் ஹேன்ஸ் கட்டாயமானது.

சாதனம் தயாராக இருந்தும், அது கட்டாயமாக சுமார் 20 வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் போன உயிர்கள் திரும்பி வரவில்லை.

28 நொடி தீக்குள் இருந்து வெளியே வந்தவர்

2020 நவம்பர் 29. பஹ்ரைன் ஃபார்முலா 1 பந்தயம். முதல் சுற்றிலேயே ரோமன் குரோஷானின் கார் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதியது. 67 ஜி அடி. கார் இரண்டாகப் பிளந்து தீப்பந்தானது. சுமார் 28 நொடி கழித்து அவர் தீயிலிருந்து தானே ஏறி வெளியே வந்தார். கைகளில் தீக்காயம். உயிர் தப்பியது.

எப்படி? முதல் காரணம், தலைக்கு மேலிருந்த 'ஹேலோ' எனும் டைட்டானியம் வளையம். சுமார் 12 டன் எடையைத் தாங்கும் இது 2018-ல் கட்டாயமானபோது, "அசிங்கமா இருக்கு" என்று எதிர்த்தவர்கள் பலர். குரோஷானும் எதிர்த்தவர்தான். அது இல்லாவிட்டால் தான் உயிரோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று விபத்துக்குப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இந்தியாவில் நடக்கும் ஃபார்முலா 4 கார்களிலும் இப்போது ஹேலோ உண்டு.

இரண்டாவது காரணம், தீ தாங்கும் உடை. நோமெக்ஸ் போன்ற இழையில் பல அடுக்காகத் தைக்கப்படும் இது, சூடு உடம்பை எட்டுவதைச் சில நொடிகள் தள்ளிப்போடும். உள்ளாடையும் சாக்ஸும்கூட அதே வகை துணிதான். நைலான், பாலியஸ்டர் கூடாது. தீயில் அவை உருகி தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இது விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை. பட்டாசு அறைக்குள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்பது அங்கே பழகிய விதி. செயற்கை இழை உரசினால் மின்பொறி வரும், தீப்பிடித்தால் உடம்போடு ஒட்டும். ரேஸ் டிராக்கும் பட்டாசு ஆலையும் வெவ்வேறு உலகம் என்றாலும், தீ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மூன்றாவது காரணம், ஆட்கள். முதல் சுற்றில் எல்லா கார்களுக்கும் பின்னால் டாக்டரோடு மெடிக்கல் கார் வருவது ஃபார்முலா 1 வழக்கம். அதனால்தான் மோதிய சில நொடிகளில் டாக்டர் அங்கே நின்றார்.

இரண்டாவது விபத்து: அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து

ஒரு விபத்து நடந்த இடத்திலேயே அடுத்த விபத்தும் காத்திருக்கும். ரேஸ் உலகம் இதை ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டது.

2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசூகா டிராக்கில் மழை. சறுக்கிய ஒரு காரை அகற்ற டிராக்டர் வந்து நின்றது. அதன் மீது ஜூல்ஸ் பியாங்கியின் கார் மோதியது. 2015 ஜூலையில் அவர் இறந்தார். அந்த ஆண்டே எல்லா கார்களும் ஒரே நேரத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டிய 'விர்ச்சுவல் சேஃப்டி கார்' முறை வந்தது.

பார்வையாளர்களும் தப்பவில்லை. 1955-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் காரின் பாகங்கள் கூட்டத்துக்குள் பறந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் நடந்த தேசிய ராலியில், போட்டிப் பாதைக்குள் பைக்கில் வந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கார் மோதி உயிரிழந்தனர்.

சிவகாசிப் பகுதியும் இதே பாடத்தைப் படித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். அவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமல்ல, சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்களும் இருந்தனர்.

அதனால்தான் ரேஸ் டிராக்கில் மஞ்சள் கொடி பறந்தால் யாரும் முந்தக் கூடாது, சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிற்கும். பயிற்சி பெற்ற மார்ஷல்கள் தவிர வேறு யாரும் காரை நெருங்கக் கூடாது. பட்டாசு ஆலையில் ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்ற விதிக்கும் இதுதான் அர்த்தம்: ஒரு இடத்தில் நடந்தது அடுத்த இடத்துக்குப் பரவக் கூடாது.

பைக் பந்தயத்தில் வயசு ஏன் முக்கியம்?

பைக்கில் கூண்டு இல்லை, பெல்ட் இல்லை. விழுந்தவர் மீது பின்னால் வரும் பைக் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. 2021-ல் மட்டும் 19, 15, 14 வயதுள்ள மூன்று வீரர்கள் ஐரோப்பிய டிராக்குகளில் இப்படி இறந்தனர்.

அதன் பிறகு சர்வதேச பைக் பந்தய அமைப்பான எஃப்ஐஎம், உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ பந்தயங்களுக்குக் குறைந்தபட்ச வயதை 2023 முதல் 18 ஆக்கியது. தேசிய அளவிலான இளையோர் பந்தயங்களுக்கு விதி வேறு. இருங்காட்டுக்கோட்டை சிறுவனின் மரணத்துக்குப் பிறகு இந்தியாவில் எழுந்த கேள்வியும் இதுதான்: எந்த வயசில், எந்த வேகத்தில், எத்தனை பேரோடு ஒரு பிள்ளையை டிராக்கில் இறக்கலாம்?

அனுமதி தருவது யார்?

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை எஃப்எம்எஸ்சிஐ என்ற தேசிய அமைப்பு நடத்தி ஒழுங்குபடுத்துகிறது. வீரர்களுக்கு லைசென்ஸ் தருவதும் அதுதான். சர்வதேச தரத்திலான கார் பந்தய டிராக் என்றால் எஃப்ஐஏ சான்றும் வேண்டும்.

2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயம் நினைவிருக்கிறதா? எஃப்ஐஏ சான்றிதழ் வரத் தாமதமானதால் முதல் நாள் ஓட்டங்கள் மணிக்கணக்கில் தள்ளிப்போயின. ரசிகர்கள் கடுப்பானார்கள். ஆனால் தடுப்புகள் சரியில்லாமல் கார் ஓடுவதைவிட, கார் ஓடாமல் நிற்பது மேல்.

ரோட்டில் ரேஸ் ஓட்டினால்?

வீடியோவைப் பார்த்துவிட்டு விருதுநகர் நான்கு வழிச்சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்கும் தம்பிகள் கவனிக்க வேண்டியது இது. டிராக்கில் இருக்கும் எதுவும் அங்கே இல்லை. ரோல் கேஜ் இல்லை, ஹேன்ஸ் இல்லை, டயர் தடுப்பு இல்லை, கொடி காட்ட ஆள் இல்லை. எதிரே புளியமரம் இருக்கும், ஆட்டு மந்தை வரும், ஆலை வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் அம்மா இருப்பார்.

தேசிய ஃபார்முலா 4 சாம்பியனான அஸ்வின் சுந்தர், பல வருஷம் டிராக்கில் வேகமாக ஓட்டியவர். 2017 மார்ச் 18 அதிகாலை சென்னை சாந்தோம் சாலையில் அவரது கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அவரும் மனைவியும் காருக்குள்ளேயே இறந்தனர். டிராக்கில் காப்பாற்றும் கூண்டும் உடையும் மார்ஷலும் சாலையில் அவருக்கும் இல்லை.

அப்போ பாடம் என்ன?

வெடிவிபத்து நடந்தால் நம் ஊரில் அடுத்தடுத்து வரும் செய்திகள் தெரிந்தவைதான்: வழக்குப்பதிவு, கைது, நிவாரணம். அவை தேவை. ஆனால் ரேஸ் உலகம் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்கிறது: 'இதே மாதிரி அடுத்தவர் இறக்காமல் இருக்க நாளைக்கு எதை மாற்றணும்?'

ஹேன்ஸ், ஹேலோ, விர்ச்சுவல் சேஃப்டி கார் எல்லாமே அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தாமதமான இடங்களில் எல்லாம் அதே விபத்து திரும்ப நடந்தது. இது இருங்காட்டுக்கோட்டைக்கும் பொருந்தும், விஸ்வநத்தத்துக்கும் பொருந்தும்.