சிறைக்குள் போன மதம்: போசன் முதல் கமுந்திங் வரை

தைப்பிங்கை ஒட்டியுள்ள கமுந்திங் என்றதும் பழைய தலைமுறைக்கு ஈய லம்பமும் ரப்பர் தோட்டமும் நினைவுக்கு வரும். 2007 டிசம்பர் 13க்குப் பிறகு தமிழர் வீடுகளில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான்: தடுப்பு முகாம். அன்றுதான் இண்ட்ராப் தலைவர்கள் பொ. உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவரும் இசா சட்டத்தில் பிடிக்கப்பட்டு அங்கே கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் நால்வர் வழக்கறிஞர்கள். சட்டம் படித்தவர்களுக்கே வழக்கு விசாரணை கிடைக்கவில்லை.

ஓர் அரசு மத விவகாரத்துக்காக ஆட்களைச் சிறையில் அடைத்தால் என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்கு வரலாறு ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. அது நடந்தது ஜெர்மனியில்.

சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகள் 1871 ஜனவரி 18ஆம் தேதி ஒரே பேரரசாயின. அதன் பிரதமர் பிஸ்மார்க்கிற்குப் பிரான்சை வென்ற கையோடு இன்னொரு எதிரி தென்பட்டது. அதுதான் கத்தோலிக்கத் திருச்சபை. மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர்கள். இவர்கள் பெர்லினுக்கு விசுவாசமா, ரோமுக்கு விசுவாசமா என்ற சந்தேகம் எழுந்தது. பிரசங்க மேடையில் அரசியல் பேசுவது குற்றமானது. 1872இல் இயேசு சபையினருக்குத் தடை வந்தது. பாதிரியார் நியமனத்திலும் படிப்பிலும் அரசு கை வைக்க, 1873இல் 'மே சட்டங்கள்' பிறந்தன. 1875இல் திருமணப் பதிவும் தேவாலயத்தின் கையை விட்டு அரசாங்கத்திடம் போனது.

போசன் பேராயர் லெடோகோவ்ஸ்கி பணிய மறுத்தார். அவருடைய மக்கள் போலந்து மொழி பேசுபவர்கள். உயர்நிலைப் பள்ளிகளில் மறைக்கல்வியை ஜெர்மன் மொழியில்தான் நடத்த வேண்டும் என்ற உத்தரவையும் அவர் எதிர்த்திருந்தார். மதச் சண்டைக்குள் மொழிச் சண்டையும் ஒளிந்திருந்தது. தமிழ்ப்பள்ளிக்காகப் போராடிப் பழகிய சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அபராதம் கட்டாத பேராயர் 1874 பிப்ரவரியில் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டு போப்பாண்டவர் அவரைச் சிறையில் இருக்கும்போதே கர்தினாலாக உயர்த்தினார். கத்தோலிக்கரின் மையக் கட்சி ஒடுங்கவில்லை. 1874 தேர்தலில் 91 இடங்களோடு வளர்ந்தது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தோட்டப்புறத்தில் லயம் கட்டியது கம்பெனி, கோயில் கட்டியது தொழிலாளர்கள். நிலம் கம்பெனிக்குச் சொந்தம். மாரியம்மனுக்குப் பட்டா கிடையாது. துரை கண்டுகொள்ளாதவரை பிரச்சினை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கைமாறி, வீடமைப்புத் திட்டங்களான பிறகுதான் அம்மன் 'சட்டவிரோதக் குடியிருப்பாளர்' ஆனாள். மலேசிய அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு ஒவ்வொரு சமயக் குழுவும் தன் விவகாரங்களைத் தானே நடத்தலாம், சொத்து வைத்திருக்கலாம் என்கிறது. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரம். உரிமை புத்தகத்திலும், மண் நில அலுவலகத்திலும் இருந்தன. இந்த இடைவெளியில்தான் கோயில்கள் இடிந்தன.

இன்னொரு முனையில் நீதிமன்றக் கதவு அடைபட்டது. ஷரியா நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் சிவில் நீதிமன்றம் தலையிடாது என்ற 121(1ஏ) பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டது. எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற மூர்த்தி 2005 டிசம்பரில் காலமானபோது, அவர் மதம் மாறியவர் என ஷரியா நீதிமன்றம் முடிவு செய்தது. இந்து முறைப்படி தகனம் செய்ய விரும்பிய மனைவி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். தனக்கு அதிகாரம் இல்லை என்று அது கையை விரித்தது. கணவரின் உடலுக்காக ஒரு பெண் எந்த வாசலில் போய் நிற்பது? இண்ட்ராப் பிறந்தது இந்த ஆத்திரத்தில்தான்.

2007 அக்டோபர் 30ஆம் தேதி, தீபாவளிக்கு ஒன்பதே நாள் இருக்கையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் தமிழர்கள் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் பாய்ந்தன. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஐவரும் கமுந்திங்கில்.

இரண்டு வரலாறுகளும் ஒன்றல்ல. பிஸ்மார்க் மதத்தின் கையிலிருந்த அதிகாரத்தை அரசுக்கு மாற்றப் பார்த்தார். இங்கோ அரசுக்கே அதிகாரபூர்வ மதம் உண்டு. சிறுபான்மையினர் கேட்டது பாதுகாப்பை. கோயிலோடு வேலை, கல்வி, குடியுரிமைக் குறைகளும் அந்தப் பேரணியில் கலந்திருந்தன. லெடோகோவ்ஸ்கிக்காவது தண்டனைக் காலம் இருந்தது. இசாவில் அமைச்சரின் கையெழுத்தே போதும். இரண்டு ஆண்டு உத்தரவை எத்தனை முறையும் நீட்டிக்கலாம். கமுந்திங்கைப் பார்த்தவர்கள் இந்துக்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1987 லாலாங் நடவடிக்கையில் கைதானோரில் பாஸ் கட்சியினரும் கிறிஸ்துவ ஊழியர்களும் இருந்தார்கள்.

ஆனால் விளைவு மட்டும் அச்சு அசல் ஒன்றே. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில், முகாமைவிட்டு வெளியே வராத மனோகரன் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் டத்தோஸ்ரீ சாமிவேலு, டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். தேசிய முன்னணி 222இல் 140 நாடாளுமன்ற இடங்களோடு நின்று மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. கமுந்திங் இருக்கும் பேரா மாநிலமே 59இல் 31 இடங்களோடு எதிர்க்கட்சிகளிடம் போனது. வேடிக்கை என்னவென்றால், கோயில் இடிப்புக்குக் கோபப்பட்ட வாக்குகளின் உதவியோடு பாஸ் கட்சிக்காரர் ஒருவர் மந்திரி பெசார் ஆனார். அந்த ஆட்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை, அது வேறு கதை.

2009 ஏப்ரலில் இருவரும் மே மாதம் மூவரும் விடுதலையானார்கள். 2012இல் இசா சட்டமே போனது. தடைசெய்யப்பட்ட இண்ட்ராபின் தலைவர் வேதமூர்த்தி 2013இல் துணையமைச்சர், 2018இல் ஒற்றுமைத் துறை அமைச்சர். பிஸ்மார்க்கும் இப்படித்தான் 1880களில் மே சட்டங்களின் பெரும்பகுதியைக் கைவிட்டு, மையக் கட்சியின் ஓட்டுகளைத் தேடினார்.

ஜெர்மனியில் தங்கிவிட்டது சிவில் திருமணம். நம் நாட்டில் அந்த வழக்கு ஈப்போவிலிருந்து போனது. 2009இல் மதம் மாறிய கணவர், தாயைக் கேட்காமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்ற, பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி நீதிமன்றம் ஏறினார். ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வெற்றி, மேல்முறையீட்டில் தோல்வி. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்க முடியாது. தாய் வென்ற அந்த நாளில், பதினொரு மாதக் குழந்தையாகக் கொண்டு செல்லப்பட்ட கடைக்குட்டி அவரிடம் இல்லை.