வயிறும் மனமும்: ஒரு தவறான வழக்கின் வரலாறு

வயிற்றெரிச்சல் என்றால் பொறாமை. வயிற்றில் புளியைக் கரைத்தால் அச்சம். பெற்ற வயிறு பற்றி எரிந்தால் ஆற்றொணாத் துயரம். மனத்தின் நிலைகளை வயிற்றின் மேல் ஏற்றிச் சொல்வது நம் மொழிக்கு இயல்பு. மொழிவழக்கு என்ற அளவில் இதில் குறையேதும் இல்லை. ஆனால் இத்தகைய உருவகத்தை மருத்துவமே நோயின் காரணமாக ஏற்றுக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் குடல் அழற்சி நோயாளிகள்.

பெருங்குடலில் புண் உண்டாகிக் குருதியோடு கழியும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் நோயை 1859இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் விவரித்தார். இன்று க்ரோன் நோய் எனப்படுவதை 1932இல் நியூயார்க்கின் பர்ரில் க்ரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுதினர். இரண்டுக்கும் காரணம் புலப்படவில்லை. அந்த வெற்றிடத்திற்குள்தான் உளப்பகுப்பாய்வு நுழைந்தது.

1930இல் செசில் மரே என்பவர் குருதிக் கழிச்சலுக்கு மனப்போராட்டங்களே பின்னணி என்று எழுதினார். சிகாகோவின் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் 1950இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த நோய்கள் பின்னாளில் 'புனித ஏழு' என்று பெயர் பெற்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அவற்றுள் ஒன்று. 1950களில் ஜார்ஜ் எங்கெல் இந்நோயாளியின் ஆளுமையையே வரைந்து காட்டினார்: தாயைச் சார்ந்து நிற்பவர், சினத்தை உள்ளே அடக்குபவர், ஒழுங்கில் பிடிவாதம் உள்ளவர்.

இந்தச் சித்திரத்தின் பிழை எளியது. இவர்கள் அனைவரும் நோய் வந்த பின்னர் கவனிக்கப்பட்டவர்கள். நாளுக்குப் பத்து முறை கழிப்பறைக்கு ஓடுகிறவர் பிறரைச் சாராமல் எப்படி இருப்பார்? வெளியே செல்லுமுன் எல்லாவற்றையும் திட்டமிடாமல் எப்படி இருப்பார்? நோயின் விளைவு நோயின் காரணமாக வாசிக்கப்பட்டது. உடல் நோயோடு, 'இதை நீயே வரவழைத்தாய்' என்ற மறைமுகக் குற்றச்சாட்டையும் நோயாளி சுமந்தார். சில வேளைகளில் அவருடைய தாயும் சுமந்தார்.

மறுப்பு மெல்ல வந்தது. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் கார்ட்டிசோன் இந்நோயைத் தணிப்பதை முறையான சோதனையில் காட்டினர். 1990இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, கொலைட்டிஸையும் மனத்தையும் இணைத்த 138 ஆய்வுகளைப் பரிசீலித்தது. பெரும்பாலானவற்றில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. முறையாகச் செய்யப்பட்டவை அத்தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. 2001இல் க்ரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணு அடையாளம் காணப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். ஆனால் மனம் காரணமல்ல என்பதற்கு, மனம் துன்புறவில்லை என்பது பொருளல்ல. 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டியது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகள், நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். நோய் தீவிரமாக இருக்கையில் பதற்றம் பாதிப்பேருக்கு மேல். மனச்சோர்வு நோயின் போக்கையும் பாதிக்கக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, பாதை இருவழியானது.

இதில் ஒரு முரண்நகை உண்டு. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயைக் காண வேண்டும் என்று 1977இல் வாதிட்டவரும் அதே எங்கெல்தான். நோயாளியின் மனத்தைக் கேட்க வேண்டும் என்பதில் அவர் பிழைக்கவில்லை. கேட்டதைத் தீர்ப்பாக எழுதியதில்தான் பிழைத்தார். 'உனக்கு ஏன் இது வந்தது?' என்பது ஒரு கேள்வி. 'இதோடு எப்படி இருக்கிறாய்?' என்பது வேறொரு கேள்வி. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வந்துசேர மருத்துவத்திற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நோயாளியின் வீட்டில் இருக்கும் நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.