ஜொகூர் கஜல்: பெட்டி வந்த இரண்டு வழி

ஸ்பெயினில் செவில்லா நகருக்குப் போகிறவருக்கு, மாலையில் எதைப் பார்ப்பது என்ற குழப்பமே இல்லை. ஆற்றைக் கடந்து ட்ரியானா பக்கம் நடந்தால் ஃபிளமெங்கோ அரங்கு ஏதாவது ஒன்று திறந்திருக்கும். சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஜொகூர் பாருவுக்கு வருகிறவருக்கு அந்த வசதி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நான் கண்ணாடிக் கோயிலுக்கு அழைத்துப் போவேன், தான் ஹியோக் நீ தெருவில் விறகடுப்பு ரொட்டிக் கடையைக் காட்டுவேன். "இந்த ஊருக்கே உரிய பாட்டு, கச்சேரி ஏதும் உண்டா?" என்று கேட்டால், உண்டு என்பேன். ஜொகூர் கஜல். ஆனால் அதைச் சீட்டு வாங்கிக் கேட்க முடியாது, கல்யாண வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

கஜல் என்றதும் குலாம் அலியையும் ஜக்ஜித் சிங்கையும் நினைக்க வேண்டாம். இது மலாய் மொழியில், பந்துன் செய்யுளில் பாடுவது. ஆர்மோனியம், தபேலா, வயலின், கம்புஸ், கிட்டார், மராக்காஸ் ஆகியவை இருந்தால் குழு நிறைந்தது. பாடுபவரும் வாசிப்பவர்களும் சம்மணமிட்டு உட்கார்வார்கள். நடுவில் ஆர்மோனியம்.

நான் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு அப்பா ஆர்மோனியம் வாசிப்பார், நான் தபேலா தட்டுவேன். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர், சில சமயம் சைக்கிளில் வந்து லயத்து வாசலில் நிற்பார். "அண்ணே, சனிக்கிழமை கல்யாணக் கெண்டூரி. எங்கள் பெட்டியில் நாக்கு போய்விட்டது. உங்களுடையதைத் தருவீர்களா?" அப்பா கோயில் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிவிடுவார். பெட்டிக்குக் காவலாக என்னையும் அனுப்புவார். அம்மனுக்கு வாசித்த பெட்டி மறுநாள் மலாய் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் பாடும். அதில் யாரும் வியக்க ஒன்றும் காணவில்லை.

அங்கே நான் தபேலாக்காரருக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஜொகூரின் ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். சுத்தியலால் கட்டைகளை எவ்வளவு தட்டினாலும் சுருதி ஏறாது. அவர் வலந்தலையை மண்ணெண்ணெய் விளக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். கரணையில் விரல் வைத்துச் சூடு பார்ப்பார். அதிகம் காய்ந்தால் கரணை வெடிக்கும், குறைந்தால் ஓசை மந்தம். பிறகு காதோடு வைத்து ஒரு "நா" அடிப்பார். கம்புஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் மூடியிலிருந்து நீளமாக நறுக்கிய மீட்டுகோலை விரலிடுக்கில் சொருகி, தந்திகளை முறுக்குவார். பாட்டு தொடங்குவதற்கு முன் நடக்கும் இந்த அரைமணி நேரத்தைப் பாட்டைப் போலவே ரசித்தேன். பிறகு ஆர்மோனியம் ராகத்தைத் தேடுவதுபோலத் தனியே நடக்கும், வயலின் பின்னால் சேரும், கடைசியில் தபேலா. நாங்கள் பஜனையில் வாசிக்கும் எட்டு மாத்திரை கஹர்வாவுக்கு உறவான நடைதான் அது. ஆனால் ஓட்டம் வேறு. எங்களுடையது முன்னோக்கித் தள்ளும், அவர்களுடையது பாடகரைத் தாங்கிக்கொண்டு பின்னால் சாயும்.

கோயில் பெட்டியும் கஜல் பெட்டியும் ஒன்றாக இருந்தது தற்செயல் அல்ல. பாரிஸில் அலெக்ஸாண்டர் டெபான் 1842இல் உரிமம் வாங்கிய ஆர்மோனியம் காலால் மிதிக்கும் பெரிய பெட்டி. அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் மாற்றினார். அந்தச் சிறிய பெட்டியைப் பிடித்துக்கொண்டது பம்பாயின் பார்சி நாடகக் கம்பெனிகள். அவர்களைப் பார்த்துத் தமிழ் நாடக மேடையும் எடுத்துக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை விலகாது. நாடகப் பாடகர் கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். அந்த மேடைப் பாட்டோடு சேர்ந்து பெட்டி கடல் கடந்து தோட்டத்துக் கோயில்களுக்கும் வந்தது. இது ஒரு வழி.

இன்னொரு வழி பினாங்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி கம்பெனிகள் அங்கே வந்து இந்துஸ்தானி நாடகம் போட்டன. மலாய்க்காரர்களுக்கு மொழி புரியவில்லை என்றாலும் கூட்டம் அலைமோதியது. 1880களில் மாமாக் புஷி என்பவர் அந்த மாதிரியிலேயே மலாய் மொழியில் கம்பெனி தொடங்கினார். அதுதான் பங்சாவான் நாடகம். பங்சாவான் கம்பெனிகள் மலாயா முழுக்க, சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா வரை சுற்றின. ஆர்மோனியமும் தபேலாவும் அவர்களோடு போயின.

ஜொகூரில் கஜல் வேர் பிடித்ததற்கு அரண்மனை வரலாறும் ஒரு காரணம். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் குடும்பம் முதலில் இருந்தது சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில். பின்னாளில் சுல்தானான அபு பக்கார் 1862இல் பொறுப்பேற்று, தஞ்சோங் புத்ரியை வளர்த்து, 1866இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். சிங்கப்பூருக்குத் தெற்கே ரியாவ்-லிங்கா அரசு. அதன் பெஞெங்காட் தீவு மலாய்ப் புலவர்களின் இருப்பிடம். கஜல் முதலில் அந்தத் தீவுகளிலும் தெலுக் பிளாங்காவிலும் பிரபுக்கள் வீட்டு மண்டபங்களில் கேட்ட இசை என்பதே இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. டச்சுக்காரர்கள் 1911இல் ரியாவ்-லிங்கா சுல்தானைப் பதவியிறக்கினார்கள். அந்த அரசவையைச் சேர்ந்தவர்கள் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் வந்தபோது பாட்டும் கூடவே வந்தது.

அப்போது அது பெரும்பாலும் வட இந்திய வடிவம்தான்: சாரங்கி, சித்தார், ஆர்மோனியம், தபேலா. அதை ஜொகூருக்குரியதாக ஆக்கியவர் என்று மூவார்க்காரர்களும் ஜொகூர் பாருக்காரர்களும் ஒருமித்துச் சொல்லும் பெயர் ஹாஜி மூசா பின் யூசோப், எல்லோருக்கும் பாக் லோமாக். சாரங்கி இருந்த இடத்தில் வயலினையும் சித்தார் இருந்த இடத்தில் கம்புஸையும் அமர்த்தியவர் அவர். சாரங்கி கற்க ஆள் இல்லாததால் செய்த சமாளிப்பு என்று இதைச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்மோனியக் கட்டைகள் சுரத்தை நறுக்கி நறுக்கித்தான் தரும், இடையில் வழுக்கிப் போக முடியாது. இந்தியாவில் இதே குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. ஜொகூரில் பெட்டியை வெளியே தள்ளவில்லை. கட்டை இல்லாத வயலினையும் கம்புஸையும் அதன் இரண்டு பக்கமும் உட்கார வைத்தார்கள். பாடகியின் லெங்கோக் வளைவுகளை அவை தாங்கிக்கொள்கின்றன; பெட்டி நடுவில் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வானொலி கண்ட தீர்வைவிட இதுவே பெரிய இசை அறிவு என்பேன்.

கம்புஸுக்கும் தனிக் கதை உண்டு. அது அரேபிய ஊத் வாத்தியம். யேமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்த அரபு வணிகர்கள் இங்கே கொண்டுவந்தது. இதே ஊத்தைத்தான் 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்திலிருந்து சிர்யாப் என்ற பாடகர் ஸ்பெயினின் கொர்தோபாவுக்கு எடுத்துப்போனார். ஃபிளமெங்கோ பிறந்த அந்தலூசியா மண்ணில் அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஒலித்த தந்தி அது. ஃபிளமெங்கோவை வளர்த்த ஜிப்சிகளின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை அவர்கள் மொழியே காட்டுகிறது. அங்கே மேற்கே போன அரபுத் தந்தியும் இந்திய மூச்சும். இங்கே கிழக்கே வந்த அரபுத் தந்தியும் இந்தியப் பெட்டியும். இரண்டையும் ஒரே இரவில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், நான் மிகைப்படுத்தவில்லை என்பது தெரியும்.

பிறகு ஏன் அதற்கு அரங்குகள், இதற்குப் பந்தல்? செவில்லாவிலும் காதிஸிலும் ஹெரெஸிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாட்டுக் காப்பிக்கடைகள் எழுந்தன. சில்வேரியோ ஃபிராங்கோனெத்தி என்ற பாடகர் செவில்லாவில் தானே ஒரு கடை நடத்தினார். குடிக்க வந்தவர்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள். பாடுவது ஒரு தொழிலானது. அதனால் பாட்டு மலினப்படுகிறது என்று கவலைப்பட்டுத்தான் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் 1922 ஜூனில் கிரானடாவின் அல்ஹம்பிராவில் ஒரு போட்டி நடத்தினார்கள். பிறகு சுற்றுலாக் காலம். மத்ரிதில் 1956இல் திறந்த கொர்ரால் தெ லா மொரெரியா இன்றும் நடக்கிறது. 2010இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவைத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஜொகூர் கஜலுக்கு அப்படி ஒரு காப்பிக்கடைக் காலமே வரவில்லை. அரண்மனை அழைத்தது, கல்யாண வீடு அழைத்தது, வானொலி அழைத்தது. வாசித்தவர்கள் பகலில் ஆசிரியர்கள், அரசு எழுத்தர்கள், தோட்டக்காரர்கள். ஃபாட்சில் அகமதுவைப் போல வானொலி, இசைத்தட்டு வழியாக நாடறிந்து, கம்புஸின் அரசர் என்று பெயர் வாங்கியவர்கள் மிகச் சிலர். ரோசியா சிக் பாடிய கஜல்களை என் அம்மா அர்த்தம் புரியாமலேயே ரேடியோவோடு சேர்ந்து முணுமுணுப்பார். 1990களில் ஜமால் அப்டில்லாவும் எம். நாசிரும் பாடிய "கஜல் உந்துக் ராபியா" ஊரெல்லாம் ஒலித்தது. அதைக் கேட்ட இளைஞர்கள் பலருக்குக் கம்பத்துக் கஜல் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பந்தலில் இருந்ததால் ஒரு நன்மை, சுற்றுலாக்காரருக்காகப் பாட்டை யாரும் வெட்டிச் சுருக்கவில்லை. தீமையும் அதே பந்தலில்தான். கல்யாணம் மண்டபத்துக்கு மாறியது, கரோக்கேப் பெட்டி வந்தது, மாமா ஒருவர் மைக்கைப் பிடித்தார். ஆறு பேருக்குக் கூலியும் சாப்பாடும் கொடுப்பதைவிட அது மலிவு. குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இதைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு, கோபமும் உண்டு. வாரம் ஒரு மாலை, ஜொகூர் பாரு பழைய நகரத்தில் ஐம்பது பேர் உட்காரும் ஒரு வீடு இதற்கு வேண்டும். லோர்கா பயந்தது நியாயம்தான். ஆனால் கேட்பவர் இல்லாமல் அழிவதைவிடக் காசு கொடுத்துக் கேட்பவர் முன் நிலைப்பது மேல்.

இப்போதைக்கு எங்கே கேட்பது? ஜொகூர் பாருவில் சுங்கை சாட் சாலையிலுள்ள ஜொகூர் பாரம்பரிய அறவாரியம், யாயாசான் வாரிசான் ஜொகூர், கஜலையும் சாப்பின் நடனத்தையும் பேணும் அரசு நிறுவனம். அங்கே போய் நிகழ்ச்சி ஏதும் உண்டா என்று விசாரித்தால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். கால்களைப் பார்க்கவேண்டும் என்பவருக்குச் சாப்பின். ஆனால் ஃபிளமெங்கோபோலத் தரை அதிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கம்புஸ் தனியே தக்சிம் வாசிக்க, ஆடுபவர்கள் வணங்கி எழுவார்கள். பிறகு மர்வாஸ் என்ற கையளவு முரசுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே விழ, பாதங்கள் ஓசையே இல்லாமல் நகரும். முன்பு ஆண்கள் மட்டுமே ஆடியது, இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். மெர்சிங்கின் தெங்லு கம்பத்துக்கு ஒரு சாப்பின், மூவார் பக்கத்து லெங்காவுக்கு ஒன்று என்று கிராமத்துக்குக் கிராமம் அடவு மாறும்.

கஜலுக்கு என் யோசனை மூவார். லார்கின் பேருந்து நிலையத்தில் ஏறினால் இரண்டரை, மூன்று மணி நேரம். பள்ளி விடுமுறையில் போங்கள், கெண்டூரிகள் அப்போதுதான் நெருக்கமாக வரும். ஆற்றங்கரைக் கடைகளில் காப்பி குடிக்கும்போது, இந்த வாரம் யார் வீட்டில் கஜல் என்று வயதான ஒரு பாக்சிக்கிடம் கேளுங்கள். தெரிந்தவர் மூலம் அழைப்பு கிடைத்தால், கெண்டூரிக்கு முன்பின் தெரியாதவரையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள். ஓர் உறையில் பத்து ரிங்கிட்டாவது வைத்து, விடைபெறும்போது கைகுலுக்கலோடு வீட்டுக்காரரிடம் கொடுங்கள். சாப்பாட்டுப் பந்திக்கு நேரே போகாமல் மேடைக்கு இடப்பக்கம், தபேலாவுக்கு அருகில் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். வாசிப்பவர்களிடம் நீங்கள் தமிழர் என்று சொன்னால், பெட்டியை உங்கள் பக்கம் தள்ளி, ஒரு பாட்டு வாசியுங்கள் அண்ணே என்பார்கள். வாசிக்கத் தெரிந்தவர் மறுக்க வேண்டாம். எந்தப் பாட்டை எடுத்தாலும் இரண்டாவது அடிக்குள் அவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.